ரோலர், ஹப், ஜிபிஎஸ்: மோடிஃபை செய்த காரை எதில் அளப்பது?

"அண்ணே, ரீமேப் பண்ணி பூச்சோங்குல டைனோ ஏத்துனேன், 252 வந்துச்சு. அடுத்த மாசம் கெப்போங்குல ஏத்துனா 229தான் காட்டுது. யாரு பொய் சொல்றா?"

கோலாலம்பூர் செந்தூல் தம்பி ஒருவர் கேட்டது இது. ரீமேப் என்றால் இஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது. டைனோ என்றால் காரின் பவரை அளக்கும் மெஷின். 252, 229 எல்லாம் குதிரைத்திறன் கணக்கு. கார், கோல்ஃப் ஜிடிஐ மார்க் 7. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 220 பிஎஸ் (குதிரைத்திறனுக்கு மிக நெருங்கிய அலகு) பவர், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை). பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன்: ரீமேப்புக்கு முன்னால் அதே பூச்சோங் மெஷினில் எவ்வளவு வந்தது?

"முன்னால ஏத்தலையே அண்ணே."

இரண்டு கடையில் எதுவும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரே காருக்கு ஒரு மெஷினில் 252-ம் இன்னொன்றில் 229-ம் வருவது நடக்கிற காரியம்தான். முன்னால் எடுத்த அளவு இல்லாததால், ரீமேப் எவ்வளவு கொடுத்தது என்பதற்கு அவர் கையிலிருக்கும் இரண்டு தாளிலும் பதில் இல்லை. பாகத்துக்கும் டியூனுக்கும் மாதக் கணக்கில் சேர்த்த காசைக் கொட்டும் நம் பையன்கள், அளப்பதற்கு மட்டும் கிடைத்த இடத்தில் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒருவருக்கு வழிகள் மூன்று: ரோலர் டைனோ, ஹப் டைனோ, அப்புறம் காரை ஓட்டியே அளப்பது. எது எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

ரோலர் டைனோதான் எங்கும் கிடைப்பது, அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான். அதில் இரண்டு ரகம். ஒன்று, எடை தெரிந்த கனமான உருளையை உங்கள் டயர் சுழற்ற, அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதிலிருந்து பவரைக் கணக்கிடுவது. டைனோஜெட் இந்த வழியில் பெயர் பெற்றது. இன்னொன்று, உருளைக்கு மின்காந்த பிரேக் போட்டு, இஞ்சின் அதை எதிர்த்துத் தள்ளும் விசையை நேராக அளப்பது. மஸ்டாங், ஆஸ்திரேலியாவின் டைனோ டைனமிக்ஸ் போன்றவை இந்த ரகம். ஒரே காரை இரண்டிலும் ஏற்றினால் பொதுவாக டைனோஜெட் கூடுதலாகவும் மஸ்டாங் குறைவாகவும் காட்டும். பத்து சதவீதம் தள்ளிப்போனாலும் ஆச்சரியமில்லை. செந்தூல் தம்பியின் 252-க்கும் 229-க்கும் இடையிலுள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மெஷின் ஒன்றாகவே இருந்தாலும் எண் மாறும். டயரில் காற்று எவ்வளவு, காரைக் கட்டும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினார்கள், டயர் உருளையில் வழுக்கியதா, எந்த கியரில் ஓட்டினார்கள், எல்லாமே சேரும். சுழலும் உருளையை வேகமெடுக்க வைத்து அளக்கும் மெஷினில் கியர் பெரிய விஷயம். சின்ன கியரில் இஞ்சினும் கியர்பாக்ஸும் சக்கரமும் தங்களையே வேகமாகச் சுழற்றிக்கொள்ளப் பவரின் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம்தான் உருளைக்குப் போகும். அதனால்தான் ஒன்றுக்கு ஒன்று விகிதத்துக்குப் பக்கத்திலிருக்கும் கியரைத் தேர்ந்தெடுப்பார்கள், பல கார்களில் அது நான்காவது. இதே காரணத்தால், ஸ்போர்ட்ஸ் ரிம்மை எடை குறைந்ததாக மாற்றிவிட்டு ஏற்றினால் தாளில் சில குதிரைத்திறன் கூடும். இஞ்சினை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சக்கரத்தைச் சுழற்றச் செலவாகிய பவர் குறைந்ததால் உருளைக்கு அதிகம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ரிம்மால் சாலையில் நன்மை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதை இஞ்சின் பவர் என்று எழுதக்கூடாது.

இதற்கு மேல் வானிலைத் திருத்தம். இதை நம் ஊரில் பலர் கண்டுகொள்வதே இல்லை. காற்றின் அடர்த்தி மாறினால் பவரும் மாறும், எனவே டைனோ மென்பொருள் அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதத்தை வைத்து ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டு, ஒரு பொதுவான நாளுக்கு மாற்றிச் சொல்லும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 விதியில் அந்தப் பொதுவான நாள் 25 டிகிரி, உலர்ந்த காற்றின் அழுத்தம் 990 மில்லிபார். கோலாலம்பூர் மதியம் 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெருக்கல் எண் சுமார் 1.04. அதாவது மெஷின் அளந்ததோடு நான்கு சதவீதம் கூட்டித் தாளில் போடும். விடியற்காலை 27 டிகிரியில், ஈரம் கொஞ்சம் கூடவே இருந்தாலும், இது 1.02 பக்கம் வந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் நீராவி எடுத்துக்கொள்ளும் இடம் அவ்வளவும் ஆக்ஸிஜனுக்கு நஷ்டம் என்பதால் ஈரப்பத அளவைச் சரியாகக் கொடுப்பது இங்கே முக்கியம்.

இந்தத் திருத்தம் டர்போ (காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இஞ்சினுக்கு நியாயமானது. டர்போ காரில் கதை வேறு. வெளியில் காற்று மெலிந்தால் ஈசியு (இஞ்சினை இயக்கும் கணினி) டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுழற்றி, தனக்கு வேண்டிய அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். இழப்பில் பெரும்பகுதியை இஞ்சினே ஈடுகட்டிவிட்ட பிறகு தாளிலும் நான்கு சதவீதம் கூட்டினால், 240 குதிரைத்திறனில் கிட்டத்தட்ட 10 குதிரைத்திறன் கணக்கில் மட்டுமே பிறக்கும். ஆகவே டர்போ கார்க்காரர்கள் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தத் திருத்த விதி என்பதும் கவனிக்க வேண்டியது. எஸ்ஏஇ ஒன்று, டிஐஎன் ஒன்று, பழைய எஸ்டிடி ஒன்று. ஒரே ரன்னை (மெஷினில் ஒரு தடவை ஓட்டி அளப்பதை) எஸ்ஏஇ-யிலிருந்து எஸ்டிடி-க்கு மாற்றினாலே எண் சுமார் நான்கு சதவீதம் ஏறும். அலகும் அப்படித்தான்: 250 எச்பி (குதிரைத்திறன்) என்பது 253 பிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் மேல். இதிலெல்லாம் யாரும் ஏமாற்றத் தேவையில்லை, இரண்டு கடையில் இரண்டு செட்டிங் இருந்தாலே போதும்.

ஏமாற்ற நினைப்பவருக்கும் வழி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தை அளக்கும் சென்சாரை இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், மென்பொருள் 'இன்று கொளுத்தும் வெயில்' என்று நம்பித் திருத்தத்தை ஏற்றிவிடும். ரீமேப்புக்கு முந்தைய ரன்னைச் சூடான இஞ்சினில் எடுத்துவிட்டு, பிந்தையதை நன்றாக ஆறவிட்டு எடுப்பது இன்னொன்று. டைனோ டைனமிக்ஸில் ஷூட்அவுட் மோட் என்று ஒன்று உண்டு. அதில் போட்டால் ஆபரேட்டர் நினைத்தபடி செட்டிங்கை மாற்ற முடியாது. அந்த மெஷின் இருக்கும் கடைக்குப் போனால் அதிலேயே போடச் சொல்லுங்கள்.

தாளைக் கையில் வாங்கியதும் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அது சக்கர பவரா, இஞ்சின் பவரா? ரோலர் அளப்பது சக்கரத்தில் வருவதை மட்டும்தான். 'இஞ்சினில் இவ்வளவு' என்று எழுதியிருந்தால், கியர்பாக்ஸிலும் டயரிலும் போனது இவ்வளவு என்று யாரோ ஒரு சதவீதத்தைக் கூட்டியிருக்கிறார்கள். 15 என்று போடுகிறவர் உண்டு, 20 என்று போடுகிறவரும் உண்டு. இரண்டாவது, வளைகோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? கிலோவாட் வேண்டுமென்றால் நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 9549-ஆல் வகுக்க வேண்டும். 5500 ஆர்பிஎம்மில் 320 நியூட்டன் மீட்டர் என்றால் 184 கிலோவாட், அதாவது 247 எச்பி. டார்க் கோடு அங்கே 380 காட்டி, பவர் கோடு 247 காட்டினால் ஆர்பிஎம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பவர் உருளையின் வேகத்திலிருந்து வருவதால் அது தப்பிவிடும், டார்க் மட்டும் கெட்டுப்போகும். 'டார்க் எகிறிடுச்சு' என்று காட்டப்படும் சில தாள்களை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டைனோ ரூமில் கார் கட்டப்பட்டிருக்கிறது. பானட் முழுக்கத் திறந்திருக்கிறது. முன்னால் பெரிய மின்விசிறி. புதிதாகப் போட்ட ஓப்பன் பாட் ஃபில்டர் (பெட்டி இல்லாமல் திறந்திருக்கும் காற்று வடிகட்டி) அந்தக் குளிர்ந்த காற்றை நேராகக் குடிக்கிறது. தாளில் நான்கைந்து குதிரைத்திறன் கூடுகிறது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் அதே கார் ஃபெடரல் ஹைவேயில் மாலை ஜாமில் ஊர்கிறது. பானட் மூடியிருக்கிறது, ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் வெந்த காற்றை இழுக்கிறது. 35 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்று உள்ளே போனால் அதே அழுத்தத்தில் காற்றின் எடை ஏழெட்டு சதவீதம் குறைந்துவிடும். டைனோவில் கிடைத்த லாபம் போக, கம்பெனி கொடுத்த ஸ்டாக் ஏர்பாக்ஸில் இருந்ததிலும் குறைவு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு நேர் எதிர். சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் காற்றை எந்த மின்விசிறியும் முழுதாகக் கொடுத்துவிட முடியாது, அதனால் நல்ல இன்டர்கூலரின் மதிப்பு டைனோவில் சரியாகத் தெரியாது.

ஹப் டைனோ, ரோலரின் சில குறைகளைத் தீர்க்கிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த ஹப்பிலேயே மெஷினை நேரடியாகப் பூட்டுவார்கள். நியூசிலாந்தின் டைனாபேக், ஸ்வீடனின் ரோட்டோடெஸ்ட் இரண்டும் இந்த வகை. டயர் வழுக்காது, பெல்ட் இறுக்கம் கிடையாது, டயர் காற்று கிடையாது. எனவே ஒரு ரன்னுக்கும் அடுத்த ரன்னுக்கும் ஒற்றுமை அதிகம். 400, 500 குதிரைத்திறன் என்று போகும் கார்களுக்கு ரோலரில் டயர் வழுக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இது நல்ல வழி. ஆனால் டயரில் இழக்கும் பவர் கணக்கில் வராததால் எண் ரோலரைவிட மேலே நிற்கும். ரோலரில் 'முன்', ஹப்பில் 'பின்' என்று எடுத்துச் சண்டை போடக்கூடாது. வானிலைத் திருத்தம், மின்விசிறி, பானட் பிரச்சினைகள் இங்கேயும் அப்படியே உண்டு.

மூன்றாவது வழி, ஓட்டியே அளப்பது. டிராகி போன்ற சின்ன ஜிபிஎஸ் பெட்டியை டாஷ்போர்டில் ஒட்டி, 100-லிருந்து 200 வரை எத்தனை வினாடி என்று பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு இந்த அளவு பிடிக்கும். காற்று, எடை, கியர், டயர், இன்டர்கூலர் எல்லாம் உண்மையில் இருப்பது போலவே சேர்ந்து வரும் எண் அது. ஆனால் நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 110. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987, பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவதையும் வேகச் சோதனை நடத்துவதையும் தடுக்கிறது. கேஸ் ஒருபுறம் இருக்கட்டும், எலைட் நெடுஞ்சாலையிலோ காராக் நெடுஞ்சாலையிலோ 200-ல் போகும்போது முன்னால் ஒரு லோரி லேன் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். எந்த ரீமேப்பும் ஒரு உயிருக்கு ஈடில்லை. இந்த அளவு வேண்டுமென்றால் செபாங் சர்க்கியூட்டில் டிராக் டேயோ (சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டும் நாள்) 402 மீட்டர் நேர் ஓட்ட நிகழ்ச்சியோ நடக்கும்போது போங்கள்.

செபாங்கில் 402 மீட்டர் ஓடினால் இரண்டு எண் கிடைக்கும்: எத்தனை வினாடி, கடைசியில் எவ்வளவு வேகம். நம்மவர்கள் வினாடியைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். பவருக்கு உண்மையான சாட்சி கடைசி வேகம். வினாடியில் கிளம்பும் விதமும் டயர் பிடிப்பும் கலந்துவிடும். கடைசி வேகம் பெரும்பாலும் பவருக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. பவர் 20 சதவீதம் கூடினால் கடைசி வேகம் ஆறு சதவீதம் சொச்சம் கூடும், 158-ல் ஓடிய கார் 168-ஐத் தொடும். அது சந்தேகமில்லாமல் தெரியும். பவர் மூன்று சதவீதம் மட்டும் கூடினால் வித்தியாசம் ஒன்றரை கிலோமீட்டர்தான். அன்றைக்கு எதிர்க்காற்று அடித்தால் அதுவும் காணாமல் போகும்.

சாலையில் அளப்பதற்குப் பெரிய எதிரிகள் சரிவும் எடையும். 1400 கிலோ கார் 110-ல் போகும்போது, கண்ணுக்கே தெரியாத ஒரு சதவீதச் சரிவு 4.2 கிலோவாட், அதாவது ஐந்தரைக் குதிரைத்திறனுக்குச் சமம். பல எக்ஸாஸ்ட்டுகள் தருவதாகச் சொல்லும் லாபமே அவ்வளவுதான்! அதனால்தான் டிராகி ஒரு சதவீதத்துக்கு மேல் இறக்கமாக இருந்தால் அந்த ரன்னை ஏற்றுக்கொள்ளாது. பக்கத்தில் 70 கிலோ நண்பரை உட்கார வைத்தால் எடை ஐந்து சதவீதம் கூடும், வேகமெடுப்பது கிட்டத்தட்ட அதே அளவு குறையும். முன்னும் பின்னும் அளக்கும்போது ஒரே ஆள், ஒரே அளவு பெட்ரோல், இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பது, இவை இல்லாமல் சாலை எண்ணுக்கு மதிப்பில்லை.

சாலை வழியில் எல்லாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: லாக் எடுப்பது. ஓபிடி துளையில் (கோளாறு பார்க்கக் காரில் இருக்கும் இணைப்பு) ஒரு அடாப்டரைச் செருகி, இஞ்சின் தன்னைப் பற்றித் தானே சொல்வதைப் பதிவு செய்வது. மலிவான புளூடூத் அடாப்டரில் பத்து விஷயத்தை ஒரே நேரத்தில் கேட்டால் வினாடிக்கு ஒன்றிரண்டு எண்தான் வரும். அதனால் ஆர்பிஎம், பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), உள்ளே போகும் காற்றின் வெப்பம் என்று நாலைந்தோடு நிறுத்துங்கள். மதியச் சூட்டில் டைமிங் பின்வாங்குகிறதா, ஆர்ஓஎன் 95 பெட்ரோலிலிருந்து 97-க்கு மாறியதும் அது திரும்பி வருகிறதா என்பதை இது சொல்லிவிடும். நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வந்து ஈசியு பவரைக் குறைத்துக்கொண்டிருக்கும் காரில், என்றோ ஒருநாள் எடுத்த டைனோ உச்ச எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

டர்போ காருக்கு ரீமேப் என்றால் என் ஓட்டு டைனோவுக்குத்தான். அதுவும் ரீமேப் போடும் அதே கடையில், அதே நாளில், போடுவதற்கு முன் மூன்று ரன், போட்ட பின் மூன்று ரன், அதே கியர், அதே செட்டிங், ஒவ்வொரு ரன்னுக்கும் நடுவில் ஆற ஒரே அளவு நேரம். நன்றாகப் பராமரிக்கும் மெஷின் இப்படிச் செய்தால் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். ரீமேப் தரும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரியது, எனவே சந்தேகம் இருக்காது. உச்ச எண்ணைவிட அன்று கிடைக்கும் காற்று-பெட்ரோல் விகிதமும் நாக்கிங் பதிவும்தான் கொடுத்த காசுக்கான பலன். இஞ்சின் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அவைதான் சொல்லும். இரண்டு சக்கரம் மட்டும் சுழலும் ரோலரில் சில புதிய கார்களின் இஎஸ்பி (கார் வழுக்காமல் காக்கும் அமைப்பு) குழம்பிப் பவரை வெட்டிவிடும். அதை டைனோ மோடில் போடத் தெரிந்தவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்போ இல்லாத காரில் இன்டேக், எக்ஸாஸ்ட் மட்டும் என்றால் கடினம். நூறு குதிரைத்திறன் காரில் மெஷினின் ஒன்றிரண்டு சதவீத ஊசலாட்டமே ஒன்றிரண்டு குதிரைத்திறன், பாகம் தருவதும் ஏறக்குறைய அதேதான். நம்பத் தகுந்த ஒரே வழி, புதிய பாகத்தைப் போட்டு அளந்த பிறகு அதைக் கழற்றிப் பழையதை மாட்டி மறுபடி அளப்பது. எண் பழைய இடத்துக்கே இறங்கினால் லாபம் உண்மை. இறங்காவிட்டால், கூடியது இஞ்சின் சூட்டிலோ வானிலையிலோ வந்தது. இன்டேக் என்றால் பானட்டை மூடித்தான் ரன் எடுக்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

ரிம், டயர், இன்டர்கூலர், எடைக் குறைப்பு ஆகியவற்றுக்கு டைனோவில் ஏறாதீர்கள். செபாங்கும் ஜிபிஎஸ் பெட்டியும்தான் இவற்றுக்கு.

சிவிடி (படிப்படியாக இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றும் கியர்பாக்ஸ்) மைவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2021-லிருந்து மைவியில் வரும் டி-சிவிடி, காலை அழுத்தினால் விகிதத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போகும். ஒரே கியரில் பிடித்து வைத்து ஆர்பிஎம்மை ஏற்றும் வழக்கமான ரன் அதில் சரியாக வராது, டார்க் கோட்டையும் நம்ப முடியாது. டைனோ தாளுக்குச் செலவழிப்பதைவிட ஒரே இடத்தில், ஒரே எடையில், 60-லிருந்து 100 வரை முன்னும் பின்னும் இரண்டு திசையிலும் எடுத்து ஒப்பிடுங்கள். இதுவும் வேகச் சோதனைதான் என்பதால் பொதுச் சாலையில் வேண்டாம், செபாங்கில் டிராக் டே நடக்கும்போது எடுங்கள்.

செந்தூல் தம்பிக்கு நான் சொன்னது: டியூனரிடம் போய் ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல், பூச்சோங் மெஷினிலேயே ரன் எடு, அங்கேயே ஸ்டேஜ் 1 ரீமேப்பை மறுபடி போட்டு இன்னொரு தடவை எடு. ஒரு பாதி நாள் போகும். கெப்போங் தாளை வைத்து யாரோடும் வாதாட வேண்டாம்.